வரிச்சீட்டும் வாக்குச்சீட்டும்

‘இரட்டைக் குடியுரிமை’ என்னும் தொடர் இப்போது நம் வட்டாரப் பேச்சில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. களக்காட்டிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மகனோ மகளோ அமெரிக்காவிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் குடும்பங்கள் இன்று அரியவை அல்ல. “அவனுக்கு அங்கேயும் குடியுரிமை, இங்கேயும் குடியுரிமை” என்று பெற்றோர் சொல்வதைக் கல்யாண வீடுகளில் கேட்கிறோம். அவர்களுடைய பெருமை நியாயமானது, செய்திதான் தவறானது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை.

நாம் தமிழ் கற்பிப்பவர்கள். சட்டம் கற்பிப்பவர்கள் அல்லர். ஆனாலும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் படித்துப் பொருள் கொள்ளப் பெரிய சட்டப் புலமை தேவையில்லை. தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையை ஏற்பவர் அத்துடன் இந்தியக் குடிமகனாக இருப்பது நின்றுவிடுகிறது. உறுதிமொழி சொல்லி முடித்த அந்தப் பொழுதிலேயே அது நிகழ்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பழைய கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயணம் செய்வது குற்றம். அதைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். இவ்வாறு குடியுரிமையைத் துறந்தோர் 2022இல் 2,25,620 பேர், 2023இல் 2,16,219 பேர் என்று நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் கணக்குச் சொல்லியிருக்கிறது.

பிறகு எங்கிருந்து வந்தது இந்த ‘இரட்டை’? எல்.எம். சிங்வி தலைமையிலான உயர்நிலைக் குழு 2002இல் அளித்த அறிக்கையில் இரட்டைக் குடியுரிமையைப் பரிந்துரைத்தது. அதை ஒட்டிச் சட்டம் திருத்தப்பட்டு, 2006 ஜனவரியில் ஹைதராபாத்தில் நடந்த வெளிநாடுவாழ் இந்தியர் மாநாட்டில் ‘ஓ.சி.ஐ.’ அட்டை வழங்கும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த ஆங்கிலச் சுருக்கத்தின் நடுவெழுத்து ‘குடிமகன்’ என்பதைக் குறிப்பது. பெயரில் குடிமகன் இருக்கிறான், அட்டையில் இல்லை. அதை வைத்திருப்பவர் வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசுப் பணியில் சேர முடியாது. ஆயுள் முழுவதற்குமான ஒரு நுழைவிசைவும் சில சலுகைகளுமே அது. பெயர் ஒன்று பொருள் ஒன்றாக இருப்பதை இலக்கணத்தில் ஆகுபெயர் என்று சமாதானம் சொல்லலாம். சட்டத்தில் அப்படிச் சொல்ல இயலாது.

பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பது 2020இல் தெரிந்தது. பெருந்தொற்று பரவத் தொடங்கியபோது, மார்ச் 13 முதல் ஓ.சி.ஐ. அட்டைக்கு உரிய நுழைவுரிமையை அரசு நிறுத்திவைத்தது. மே 7 முதல் ‘வந்தே பாரத்’ விமானங்கள் வெளிநாடுகளில் சிக்கியவர்களை ஏற்றிவரத் தொடங்கியபோதும் அவை இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கே உரியவையாக இருந்தன. வேலை போய், விசா முடிந்து, ஊருக்குத் திரும்ப நின்ற பெற்றோர் இந்தியக் குடிமக்கள். அவர்கள் இடுப்பில் இருந்த கைக்குழந்தை அமெரிக்காவில் பிறந்ததால் அமெரிக்கக் குடிமகள். பெற்றோர் ஏறலாம், பிள்ளை ஏறக்கூடாது. மே 22 அன்றுதான் இத்தகைய குழந்தைகளுக்கும், குடும்பத்தில் மரணம் நேர்ந்தவர்களுக்கும் விதி தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட நாள்களில் இங்கே தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வர முடியாமல் கைபேசித் திரையில் மயானத்தைப் பார்த்து நின்ற பிள்ளைகள் பலர். பொதுவாக எல்லாப் போக்குவரத்தும் நின்றிருந்த காலம்தான் அது. ஆயினும் வாசல் திறந்தபோது யார் முதலில் உள்ளே வரலாம் என்று கேட்கப்பட்டதல்லவா, அந்த வரிசையில்தான் குடியுரிமையின் உண்மையான பொருள் இருந்தது.

இவ்வளவையும் எழுத நேர்ந்ததற்குக் காரணம் நம்மிடம் முதுகலை பயின்ற ஒரு மாணவி. களக்காட்டுக்குத் தெற்கே ஒரு சிற்றூர்க்காரர். திருமணமாகி அமெரிக்கா சென்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கணவர் அந்நாட்டுக் குடிமகனாகிவிட்டார். இவருக்கும் தகுதி வந்து ஈராண்டுகள் ஆகின்றன. விண்ணப்பத்தை நிரப்பி மேசையில் வைத்துக்கொண்டு அனுப்பாமல் இருக்கிறார். எழுதிய கடிதத்தில் இரண்டு பட்டியல்களைப் போட்டிருந்தார். ஒருபக்கம் அங்குள்ள பண்பாடு, மறுபக்கம் நம் பண்பாடு. அங்கே நேரம் தவறாமை, வரிசையில் நிற்றல், பெண் தனியே நடமாடும் துணிவு, பக்கத்து வீட்டார் இறந்தாலும் மூன்றாம் நாள் தெரியவரும் தனிமை. இங்கே உறவு, கோயில், மொழி, சாவு வீட்டுக்கு அழையாமல் வரும் ஊர், அதே ஊரின் வாய். எந்தத் தட்டு கனமானது என்று நம்மைக் கேட்டிருந்தார்.

இந்தத் தராசே இந்தக் காரியத்துக்கு உரியதன்று என்பது நம் கருத்து. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

குடியுரிமை பண்பாட்டுக்கு அரசு தரும் சான்றிதழ் அன்று. நம் களக்காட்டையே எடுத்துக்கொள்வோம். பாண்டியர், வேணாட்டு அரசர், நாயக்கர் என்று பலர் ஆண்ட ஊர். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் திருவிதாங்கூருக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் இடையில் இது கைமாறிக்கொண்டிருந்தது; பிறகு கும்பினியிடம் போயிற்று. இங்குள்ள உழவன் தன் வயலை விட்டு ஓர் அடி நகராமலே யார் யாருக்கோ குடியாக இருந்திருக்கிறான். அவன் பேச்சு மாறவில்லை, பச்சையாற்றுத் தண்ணீருக்கு அவன் போட்ட சண்டை மாறவில்லை, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவது மாறவில்லை. செங்கோட்டை 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது; மறுநாள் சென்னை மாநிலத்தில் இருந்தது. அவ்வூர்த் தமிழ் ஓர் இரவில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இத்தகைய பேச்சு வரும்போதெல்லாம் மேடைகளில் கணியன் பூங்குன்றனாரை அழைத்துவந்து நிறுத்திவிடுவார்கள். ஐக்கிய நாடுகள் அவை வரை அந்த முதல் வரி போய்விட்டது. அந்தப் பாட்டின் நடுவில் வரும் உவமையை யாரும் நினைப்பதில்லை. மலையில் பெய்த மழையால் பெருகிய ஆற்று வெள்ளத்தின் போக்கில் மிதந்து செல்லும் ஒரு தெப்பத்தைப் புலவர் காட்டுகிறார். புலம்பெயர்வோருக்குப் பொருந்துவது முதல் வரியைவிட அந்தத் தெப்பம்தான். நம் பகுதி மக்கள் கடல் கடந்தது உலகத்தைத் தன் ஊராகக் கருதியதால் அன்று. வெள்ளம் அடித்துச் சென்றதால்.

அப்படி அடித்துச் செல்லப்பட்டவர்களுக்குத் தராசு தரப்பட்டதா? புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’யைப் பாடமாக நடத்தும்போது மாணவர்களிடம் நாம் கேட்பது இதைத்தான். நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதி எந்த நாட்டுக் குடிமகள்? கதை எழுதப்பட்ட காலத்தில் இரண்டு கரையும் ஒரே முடியின் கீழ் இருந்ததால் கேள்வி எழவில்லை. முடி இறங்கியதும் எழுந்தது. இலங்கை விடுதலை பெற்ற ஆண்டிலேயே, 1948இல், நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் 9,75,000 பேர் பங்கு வைக்கப்பட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து, 1974இல், ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். களத்துமேட்டில் நெல்லை அளந்து வாரம் பிரிப்பதுபோல இருந்தது அது. விண்ணப்பம் கேட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் மொத்த அளவு முன்கூட்டியே முடிவாகிவிட்ட பிறகு கேட்கப்படும் விருப்பத்தை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டார்கள். அவர்களில் பலர் அந்தத் தாயகத்தை அதற்குமுன் பார்த்ததே இல்லை. இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்கள்’. குடியுரிமை முத்திரை குத்திய தாள் கையில் இருந்தது, ஊர் கிடைக்கவில்லை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்கே போனார்கள். இலங்கையில் எஞ்சியிருந்தோர் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒருவாறு தீர்ந்தது. இங்கேயோ, 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழகத்தின் முகாம்களில் இன்றும் குடியுரிமை இன்றி வாழ்கிறார்கள். 2021இல் தமிழக அரசு அவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம்கள் என்று மாற்றியது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தன் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. பேசுவது நெல்லைத் தமிழ், படித்தது நம் சமச்சீர்ப் பாடநூல், வாக்காளர் பட்டியலில் மட்டும் பெயர் இல்லை. பண்பாடுதான் குடியுரிமைக்கு அளவுகோல் என்றால் இவர்களைக் காட்டிலும் தகுதியுடையவர் யார்?

இன்னொரு கூட்டத்தாரும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஏர்வாடியிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் வளைகுடாவுக்குப் போனவர்கள். முப்பது ஆண்டு உழைத்து, நகரங்களைக் கட்டியெழுப்பி, ஒப்பந்தம் முடிந்த மறுமாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பியவர்கள். அங்கே குடியுரிமை என்பது அவர்களுடைய கனவிலும் வராத செய்தி. 2021இல் ஐக்கிய அரபு அமீரகம் முதலீட்டாளர், அறிவியலாளர், மருத்துவர் போன்ற சிலரைத் தானே பரிந்துரைத்துக் குடிமக்களாக ஏற்க வழிசெய்தது. கொத்தனாரும் ஓட்டுநரும் அதில் வர மாட்டார்கள். அவர்கள் வீட்டில் யாரும் பண்பாட்டைத் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

ஆகவே நம் மாணவிக்கு முதலில் எழுதியது, உன் முன்னால் இருப்பது மிக அரிய ஒன்று, தெரிவு செய்யும் உரிமை, என்பதைத்தான். இதைக் குற்றவுணர்வோடு பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய கடிதத்தில் ஓர் இடம் நம்மை நிறுத்திவிட்டது. பட்டியலில் இல்லாமல், ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த உறுதிமொழியைச் சொல்ல நாக்கு வராது என்று அஞ்சுகிறாராம். வலக்கையை உயர்த்தி, இதுவரை குடியாக இருந்த வேற்றரசு எதற்கும் உரிய பற்றையும் விசுவாசத்தையும் முற்றாகக் கைவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். அங்கே உள்ளவர்கள் அது வெறும் சம்பிரதாயம், பலரும் சொல்லிவிட்டு மறுநாள் மறந்துவிடுவார்கள் என்கிறார்களாம். அவருக்கு அப்படித் தோன்றவில்லை.

உண்மையான பண்பாட்டு வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். உணவும் உடையும் நேரம் தவறாமையும் எல்லாம் மேலோட்டமானவை. சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதுதான் ஆழமானது. களக்காட்டுக் கோயிலில் இருக்கும் இறைவன் பெயரே சத்தியவாகீசர். சத்தியம் செய்வது நம் பக்கத்தில் விளையாட்டன்று. வரப்புத் தகராறில்கூட “கோயில் நடையில் வந்து சத்தியம் பண்ணு” என்றால் பொய்யன் பின்வாங்கிவிடுவான். நீதிமன்றக் கூண்டில் கூசாமல் பொய் சொல்பவன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய அஞ்சுவான்.

பக்கத்துத் திருக்குறுங்குடியில் ஒவ்வொரு கார்த்திகை ஏகாதசி இரவிலும் நடக்கும் கைசிக நாடகம் ஒரு சத்தியத்தைப் பற்றியதே. நம்பியைப் பாடப் போகும் நம்பாடுவானைப் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு உணவாகிறேன் என்று பாணன் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினெட்டுச் சத்தியங்கள் செய்கிறான். பாடி முடித்துத் திரும்பும்போது கிழவன் வடிவில் வந்த நம்பியே தப்பிப் போகச் சொல்லியும் கேளாமல் ராட்சசன் முன் வந்து நிற்கிறான். நம்பாடுவான் இரண்டு இடத்துக்குக் கடன்பட்டவன், இரண்டையும் அடைக்கிறான். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அவன் கோயிலுக்குள் நுழைய உரிமை இல்லாத சாதியில் பிறந்தவன்; வெளியே நின்று பாடியவன். அவன் தரிசிப்பதற்காகவே கொடிமரம் ஒதுங்கி நின்றது என்று கதை. இன்றும் அது விலகித்தான் நிற்கிறது.

இந்த மண்ணில் கதை கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, ‘சும்மா சொல்லிவிடு’ என்ற ஆலோசனை ஒவ்வாமல் போவதில் வியப்பில்லை. நாமும் அந்த ஆலோசனையைச் சொல்லவில்லை. உறுதிமொழி எதைக் கேட்கிறது என்று ஊன்றிப் படிக்கச் சொன்னோம். அது அரசுகளுக்கான விசுவாசத்தைக் கேட்கிறது. தாய்மொழியை, குலதெய்வத்தை, தாமிரபரணித் தண்ணீரின் ருசியை அது கேட்கவில்லை. அந்த நாட்டின் சட்டங்களைக் காப்பேன், அழைத்தால் அதன் காரியங்களுக்கு வருவேன் என்பதை உண்மையாகவே சொல்ல முடியுமானால் சொல்லலாம். முடியாதென்றால் சொல்லக்கூடாது, பச்சை அட்டையோடு இருந்துவிட்டுப் போகலாம், அதில் இழிவொன்றும் இல்லை. விசுவநாதன் ஆனந்த் நெடுங்காலம் ஸ்பெயினில் வாழ்ந்தும் இந்தியக் கடவுச்சீட்டையே வைத்திருந்தார். அப்படிப்பட்டவரையே 2010இல் கௌரவ முனைவர் பட்டம் வழங்கும் சமயத்தில் ‘நீர் இந்தியர்தானா?’ என்று கோப்பில் கேட்ட பெருமை நம் அலுவலகங்களுக்கு உண்டு. பின்னர் அமைச்சர் மன்னிப்புக் கேட்டார்.

உறுதிமொழிகளின் விசித்திரத்துக்குக் கனடா நல்ல எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்றவர்கள் அங்கே சார்லஸ் மன்னருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் விசுவாசம் கூறிக் குடிமக்கள் ஆகிறார்கள். மன்னருக்கு எதிரான ராஜதுரோகம் என்று வ.உ.சி.யைச் சிறையிலடைத்ததற்காக 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியே கொந்தளித்தது. அந்த நெல்லையின் கொள்ளுப்பேரன் டொராண்டோவில் அதே அரச மரபுக்கு விசுவாசம் சொல்கிறான். ஆனால் கனடா அவனிடம் பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. 1977 முதலே பன்முகக் குடியுரிமையை அது ஏற்கிறது. விடச் சொல்வது இந்தியா. சாமியார் வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் கதைதான்.

இதன் விளைவாக நேர்ந்த வேடிக்கை ஒன்று. சிதம்பரத்தில் பிறந்து 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் உண்மையிலேயே இரட்டைக் குடியுரிமை உள்ளவர். அமெரிக்கா ஒன்று, பிரித்தானியா மற்றொன்று. பிறந்த நாடு இரண்டிலும் சேராது. பரிசு அறிவிக்கப்பட்டபோது நம்மவர்கள் மின்னஞ்சல்களால் அவரைத் திணறடித்தார்கள். பிறந்த நாடு என்பது தற்செயல் என்ற பொருளில் அவர் சலிப்போடு பதில் சொன்னதும் முகம் சுளித்தார்கள். குடிமகனாக வைத்துக்கொள்ள மாட்டோம், பெருமையில் மட்டும் பங்கு வேண்டும் என்றால் எப்படி? அவருக்கு முன் எஸ். சந்திரசேகர் 1953இல் அமெரிக்கக் குடிமகனானார். 1968இல் அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தோம்; 1983இல் நோபல் வந்தபோது நம் பாடநூல்களில் ‘இந்திய விஞ்ஞானி’ என்று சேர்த்துக்கொண்டோம். சேர்த்துக்கொண்டதில் தவறில்லை. பண்பாட்டு உறவு கடவுச்சீட்டோடு முறிவதில்லை என்பதை நாமே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி.

குடியுரிமையைப் பொறுத்தவரை, பண்பாட்டுக் கணக்கைவிட எளிய ஒரு கேள்வியைத்தான் கேட்க வேண்டும். நாம் வரி கட்டும் ஊரில், நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் ஊரில், நமக்கு வாய் உண்டா? பதினைந்து ஆண்டாக ஓர் ஊரில் வாழ்ந்து, அவ்வூர்ப் பள்ளிக்கூடக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் வாக்கில்லாமல் ஒதுங்கி நிற்பது, ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலுள்ள நாங்குநேரித் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயரைக் காப்பதற்காகவா? அந்த வாக்கையும் அவர் அங்கிருந்து போட முடியாது. 2010 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் வாக்காளராகப் பதியலாம். ஆனால் தேர்தலன்று வாக்குச்சாவடிக்கு நேரில் வந்து நிற்க வேண்டும். விமானக் கட்டணம் செலுத்தி விரலில் மை வைத்துக்கொள்ள வருபவர் எத்தனை பேர்?

‘வரி’ என்றதும் நம் தென்மாவட்டத்து வாசகர்களுக்கு வேறொரு வரியும் நினைவுக்கு வந்திருக்கும். ஊர்க்கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி. திருமணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. அவன் பெயர் வரிக்கணக்கு நோட்டில் ஏறும். அன்றிலிருந்து அவன் ஊர்க்காரன். அவன் சென்னையில் இருந்தாலும் சிகாகோவில் இருந்தாலும் பங்குனியிலோ சித்திரையிலோ வரி போய்ச் சேரும், பிரசாதம் வீட்டுக்கு வரும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று எந்த வரிதாரரும் கேட்டதில்லை. இந்தியக் குடியரசு தர மறுக்கும் இரட்டைக் குடியுரிமையை நம் சிற்றூர்கள் தலைமுறைகளாகத் தந்துகொண்டிருக்கின்றன. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களும் இப்படித்தான் வரி அனுப்பினார்கள்.

அழகான ஏற்பாடு என்று இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மை. ஒருவரை ஊரைவிட்டு விலக்க வேண்டுமென்றால் ‘இனி அவனிடம் வரி வாங்குவதில்லை’ என்று முடிவெடுத்தால் போதும். ஒரே ஊரில் பிறந்தும், தெரு வேறு என்பதால், என்றைக்குமே வரி வாங்கப்படாத மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரி கொடுக்க முன்வந்தபோது கலவரம் மூண்ட ஊர்களும் உண்டு. பெண் எப்போதும் தலைக்கட்டு ஆவதில்லை. பிறந்த வீட்டில் தகப்பன் கணக்கு, புகுந்த வீட்டில் கணவன் கணக்கு. சில ஊர்களில் கணவனை இழந்தவளுக்கு அரை வரி. அப்போதுதான் அவளுக்கென்று ஒரு வரி வருகிறது, அதுவும் பாதி. இந்த நோட்டில் இடமில்லாத ஒருவர் வேறொரு நாட்டில் முழுக் குடிமகனாகப் பெயர் பதியும்போது அவரைப் பார்த்து ‘வேரை அறுத்துக்கொண்டான்’ என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

இனி நிலம். நம் பக்கத்தில் எல்லாப் பேச்சும் முடிவில் நிலத்துக்கே வரும். வெளிநாட்டில் வாழும்வரை, இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், விளைநிலத்தை விலைக்கு வாங்க முடியாது. தகப்பன் சொத்தாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். வேறுபாடு திரும்பி வரும்போதுதான் தெரியும். குடிமகனாகத் திரும்புபவர் வாழைத்தோட்டம் வாங்கலாம், ஓ.சி.ஐ. அட்டையோடு திரும்புபவர் சொந்த ஊரிலேயே தங்கி வாழ்ந்தாலும் அடுத்த வயலை வாங்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பு எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். வயல்தான் கூடாது. அதுபோல, 2021 மார்ச் மாத அறிவிக்கையின்படி ஓ.சி.ஐ. அட்டையாளர் இங்கே ஆய்வு மேற்கொள்ளச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். நம் மாணவி நாளைக்கு வந்து தம் ஊர்க் கோயில் வில்லுப்பாட்டை ஆராய வேண்டுமென்றாலும் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இரட்டைக் குடியுரிமையை இந்தியா வழங்கலாகாது என்போர் சொல்லும் காரணங்களை நாம் அறியாமல் இல்லை. போர் வந்தால் எந்தப் பக்கம், தொலைவில் இருந்துகொண்டு இங்குள்ளோர் தலையெழுத்தை அவர்கள் ஏன் முடிவுசெய்ய வேண்டும், பணமுள்ளவர்கள் இரு பக்கமும் ஆதாயம் தேடுவார்கள் என்பவை அவை. முதலாவது பழைய அச்சம். எத்தனையோ நாடுகள் அதைக் கடந்துவிட்டன, கடைசியாக ஜெர்மனியும் 2024இல் கடந்தது. இரண்டாவதில் நியாயம் உண்டு. இங்கே வாழாதவர் இங்குள்ள ஆட்சியைத் தீர்மானிப்பது முறையன்று. அதற்கு இலங்கையைப் பார்க்கலாம். அங்கே 1987 முதல் இரட்டைக் குடியுரிமைக்குச் சட்டத்தில் இடமுண்டு. அத்தகையோர் நாடாளுமன்றம் செல்லலாமா என்பதை மட்டும் 2015இல் தடுத்து, 2020இல் திறந்து, 2022இல் மறுபடி தடுத்திருக்கிறார்கள். திறந்ததும் தடுத்ததும் எந்தக் குடும்பத்தை மனத்தில் வைத்து என்பதை அனைவரும் அறிவர். ஆனால் கொள்கை அளவில் அது இயலக்கூடியதே என்பது தெரிகிறது. குடியுரிமையை விட்டுவைக்கலாம், பதவியைத் தடுக்கலாம். இங்கே வாழும் காலத்தில் மட்டும் வாக்குரிமை, எப்போது வேண்டுமானாலும் நிபந்தனையின்றித் திரும்பி வரும் உரிமை, வந்தால் வயல் வாங்கும் உரிமை, ஆய்வு செய்யும் உரிமை. இவ்வளவே போதும். இதைத் தர மனமில்லையென்றால் அந்த அட்டையின் பெயரிலிருந்து ‘குடிமகன்’ என்ற சொல்லையாவது எடுத்துவிடலாம். கல்யாண வீட்டுப் பேச்சு சரியாகும்.

மொழி என்னாகும் என்று கவலைப்படும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமையத் தொடக்க முயற்சி எடுத்தவர்கள் அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள். டொராண்டோவிலும் புலம்பெயர்ந்தோர் பணம் திரட்டி இருக்கை அமைத்தார்கள். இந்தியக் குடியுரிமையில் ஒரு குறையும் இல்லாத நாமோ, தமிழை இளங்கலையில் நான்கு பருவத் தாளாகச் சுருக்கிவிட்டு, வகுப்பில் பாதிப் பேர் வந்தால் போதுமென்று இருக்கிறோம்.

நம் மாணவி இன்னும் முடிவெடுக்கவில்லை. கடைசியாக எழுதிய கடிதத்தில் ஒன்றைக் குறிப்பிட்டிருந்தார். இந்த ஆண்டுக் கொடைக்குத் தம் சம்பாத்தியத்திலிருந்து, தம் பெயரிலேயே, தலைக்கட்டு வரிக்குச் சமமான தொகையை அம்மன் கோயிலுக்கு அனுப்பியிருக்கிறார். பணத்தை வாங்கிக்கொண்டார்கள், ரசீதும் வந்தது. ரசீதில் ‘வரி’ என்று அச்சிட்டிருந்த இடத்தை அடித்துவிட்டு, பேனாவால் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தார்களாம்.